ஏழாம் எண் விண்ணப்பம்

அத்தியாயம் ஒன்பது

மாரித்தாய் டீச்சர் வீடு தேடி வந்து போய் இருபது நாள் ஆகியிருந்தது. அந்த இருபது நாளும் வெள்ளைத்துரை வீட்டில் காலேஜ் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. பெண் அழவில்லை. பெண்ணைப் பெற்றவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. தன் சொல்லுக்கு வீட்டில் இவ்வளவு மரியாதையா என்று அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. எதிர்த்துப் பேசாத வீட்டில்தான் ஆண்பிள்ளை கவனமாக இருக்க வேண்டும் என்பது நாற்பத்தெட்டு வயதாகியும் அவருக்குத் தெரியவில்லை.

டீச்சர் வந்துபோன கதை வாசகர்களுக்கு நினைவிருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிள்ளைகளுக்கு மேற்கொண்டு எதைப் படிக்கலாம், எந்த வேலைக்குப் போகலாம் என்று வழி சொல்வதற்காக மதராஸில் பத்து நாள் பயிற்சி எடுத்து வந்தவர் அவர். ஒரு பெரிய வண்ண அட்டையைக் கூடத்தில் விரித்துவைத்து, பி.யு.சி. என்கிற கல்லூரிப் புகுமுக வகுப்பிலிருந்து பிரிகிற பாதைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினார்.

"சுந்தரி கணக்குல தொண்ணூத்தாறு அண்ணாச்சி. கெமிஸ்ட்ரி எடுத்துப் படிக்கட்டும். இந்தா, இந்தக் கோட்டைப் பிடிச்சே போனா எங்கன போய்ச் சேரலாம்னு பாருங்க."

வெள்ளைத்துரை குனிந்து பார்த்தார். பதினெட்டு வருஷமாகச் சிவகாசியில் அச்சகம் நடத்துகிறவர் கண்ணுக்குப் பாதை எதுவும் படவில்லை. அட்டையில் சிவப்பு மை மற்ற வண்ணத்தோடு ஒட்டாமல் ஒரு நூலளவு விலகி விழுந்திருந்ததுதான் பட்டது.

"இதை எந்தப் பிரஸ்ஸுல அடிச்சாக? இப்படியா சிவப்பை ஒட்டவச்சிருப்பான்?" என்று கேட்டுவிட்டு, காபி கொடுத்து அனுப்பிவைத்தார். சாத்தூரில் தீப்பெட்டிக் கம்பெனி வைத்திருக்கிற குடும்பம் ஒன்று பெண் கேட்டிருந்தது. ஆவணியில் கல்யாணம் என்று அவர் மனதுக்குள் நாள்கூடக் குறித்தாகிவிட்டது.

இப்படி நிம்மதியாக இருந்தவரை அந்தச் செவ்வாய்க்கிழமை காலைத் தபால் தேடி வந்தது.

விருதுநகர்ப் பெண்கள் கல்லூரியின் கடிதம். அந்தக் கல்லூரியின் பி.யு.சி. விண்ணப்பங்களை இவர் அச்சகத்தில்தான் அடித்துக் கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் இங்கிலீஷ், மொத்தம் முந்நூறு தாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். சின்ன வேலைதான். ஆனால் அது ஒழுங்காக முடிந்தால் வருஷம் முழுவதும் விடைத்தாள், ரசீதுப் புத்தகம், ஆண்டுமலர் என்று எல்லா வேலையும் இவருக்கே வரும் என்று பேச்சு.

கடிதம் சுருக்கமாக இருந்தது. 'முந்நூறு பிரதிகள் மட்டுமே அச்சிட்டதாகவும், சேதாரத் தாள்களை எரித்துவிட்டதாகவும் தாங்கள் கையெழுத்திட்டு எழுதித் தந்திருக்கிறீர்கள். இப்போது ஏழாம் எண்ணில் இரண்டு விண்ணப்பங்கள் எங்களிடம் வந்துள்ளன. செவ்வாய் பிற்பகல் மூன்று மணிக்கு நேரில் வந்து விளக்கம் தரவும்.' கீழே முதல்வர் அம்மாளின் கையெழுத்து.

வெள்ளைத்துரைக்குக் காது சூடேறியது. விஷயம் என்னவென்று அச்சகத்துக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நம்பர் போடுகிற மிஷின் ஒவ்வொரு தாளுக்கும் தானாக ஒன்று கூட்டிக்கொண்டே போகும். வேலை தொடங்குவதற்கு முன்னால் மை சரியாக விழுகிறதா என்று பத்துப் பன்னிரண்டு தாள் ஓட்டிப் பார்ப்பார்கள். பிறகு மிஷினைத் திருப்பி ஒன்றில் வைத்து அசல் வேலையை ஆரம்பிப்பார்கள். ஆக, சோதித்துப் பார்த்த தாளிலும் ஒரு ஏழு இருக்கும், அசலிலும் ஒரு ஏழு இருக்கும். சோதனைத் தாளை யாராவது வெளியே கொண்டுபோனால் ஒழிய இரண்டு ஏழும் ஒரே மேஜைக்கு வர வழியில்லை.

அந்த மிஷினை ஓட்டியது போர்மேன் சங்கையா. அச்சகம் தொடங்கிய நாளிலிருந்து கூட இருக்கிறவர்.

"சங்கையா! யாருக்குய்யா வித்தே?"

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எழுத்துக் கோர்ப்பவர்கள், தாள் வெட்டுகிறவர்கள் என்று பன்னிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தீபாவளி லேபிள் வேலை தலைக்கு மேல் கிடக்கிற சீசனில் அந்தக் கூடம் அத்தனை அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

"என்னத்தை மொதலாளி?"

"காலேஜ் பாரத்தை. எம்புட்டுக்கு வித்தே? ஏழாம் நம்பரு ரெண்டு வந்திருக்குன்னு அந்தம்மா எழுதியிருக்காக. நீ ஓட்டின மிஷின்தானே?"

சங்கையா கடிதத்தை வாங்கி, எழுத்துக் கோர்க்கிறவர் பாணியில் ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"வேஸ்ட் தாளு எப்பவும் போற எடத்துக்குத்தான் மொதலாளி போச்சு."

"எங்கன போச்சுன்னுதான் கேக்கேன்!"

சங்கையா இடுப்பில் செருகியிருந்த அச்சகச் சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "நானும் வாரேன். அந்தம்மா கேட்டா நானே சொல்லுறேன்" என்றார்.

வெள்ளைத்துரை கோபத்தில் யோசிக்கத் தவறியது ஒன்று உண்டு. சேதாரத் தாளை எரித்ததாக எழுதிக் கொடுத்தது அவர். அது எல்லா வேலைக்கும் எழுதிக் கொடுக்கிற வாசகம். எந்த அச்சகத்திலும் நல்ல தாளை எவனும் எரிக்கமாட்டான். சனிக்கிழமைதோறும் அது கட்டாகக் கட்டப்பட்டு முதலாளி வீட்டுக்கே போகும். அவர் மனைவி பாலம்மாள் அதை அடுப்படி அலமாரியில் விரிப்பாள், பாத்திரம் துடைப்பாள், பலகாரம் மடிப்பாள். அந்த வீட்டில் அதற்குப் பெயர் வேஸ்ட் தாள். அதில் என்ன அச்சாகியிருக்கிறது என்று அவர்கள் யாரும் பார்ப்பதில்லை. ஒருத்தியைத் தவிர.

விருதுநகர் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்தார்கள். திருத்தங்கல் போயிற்று, ஆமத்தூர் போயிற்று. ஆமத்தூர்தான் சங்கையாவின் ஊர். நிறுத்தத்தில் தெரிந்தவர் ஒருவர் ஜன்னலோரம் வந்து, "என்ன அண்ணாச்சி, மொதலாளியோட பெரிய ஆர்டருக்கா போறீக?" என்று கேட்டார். சங்கையா தலையை மட்டும் ஆட்டினார்.

கல்லூரியில் சங்கையா உள்ளே வரவில்லை. கூப்பிட்டால் வருகிறேன் என்று வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். வெள்ளைத்துரை மட்டும் முதல்வர் அறைக்குப் போனார்.

முதல்வர் அம்மாள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு இரண்டு விண்ணப்பங்களை மேஜைமேல் அருகருகே வைத்தார்.

"இது அருப்புக்கோட்டைப் பெண். ரசீது இருக்கிறது. இந்த இன்னொன்றுக்கு எங்கள் புத்தகத்தில் ரசீது இல்லை. பாருங்கள்."

வெள்ளைத்துரை பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு எழுத்து தெரிந்துவிட்டது. அவர் அச்சகத்திலிருந்து போகிற பார்சல் அத்தனைக்கும் விலாசம் எழுதுகிற கைதான் அது.

பெயர்: வெ. ஞானசுந்தரி. ஊர்: சிவகாசி.

'தந்தை அல்லது பாதுகாவலர்' என்ற இடத்தில் 'ச. பாலம்மாள், தாயார்' என்று எழுதியிருந்தது. எதிரே பாலம்மாளின் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திப் போட்டிருந்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கையெழுத்துப் போட்டு வெள்ளைத்துரை பார்த்தது இரண்டு தடவையோ மூன்று தடவையோ. தான் உயிரோடு இருக்கும்போதே தன் இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்களே என்று அவருக்கு நெஞ்சு வலித்தது. கோபம் வரவேண்டிய இடம்தான். வலிதான் வந்தது.

கடைசிக் கேள்வி, 'படிப்பு முடிந்தபின் செய்ய விரும்பும் தொழில்'. அதற்கு எல்லாப் பெண்களும் ஆசிரியை என்றோ டாக்டர் என்றோ ஒரு சொல்லில் முடித்திருப்பார்கள். இவள் நாலு வரி எழுதியிருந்தாள்.

'ரசாயனம் படித்து அச்சு மை செய்ய. எங்கள் ஊரில் இத்தனை அச்சகம் இருந்தும் நல்ல மை பம்பாயிலிருந்துதான் வருகிறது. அதிலும் சிவப்பு, வெயிலில் ஒரு மாதத்தில் வெளுத்துவிடுகிறது. உங்கள் வீட்டுக்கு வெளியூரிலிருந்து எது வருகிறதோ அதைச் செய்யக் கற்றுக்கொள் என்று எங்கள் டீச்சர் சொன்னார்.'

அந்தச் சிவப்பைப் பற்றி ராத்திரிச் சாப்பாட்டில் வாரத்துக்கு இரண்டு நாளாவது வெள்ளைத்துரை புலம்புவார். சாதம் போடுகிறவளும் மோர் ஊற்றுகிறவளும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். ஒருத்தி அதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்திருக்கிறாள் என்பது இந்த மேஜைமுன் உட்கார்ந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அந்த நாலு வரியை அவர் மறுபடி படித்தார். இந்தப் பெண் படிக்க வேண்டும் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஆசைப்பட்டார்.

முதல்வர் பேசினார்.

"நான் நினைப்பதைச் சொல்கிறேன். உங்கள் ஆள் யாரோ தாளை வெளியே விற்றிருக்கிறான். இந்தப் பெண் தெரியாமல் வாங்கியிருக்கிறாள். அப்படியென்றால் அவள்மேல் தப்பில்லை. மார்க்கும் நன்றாக இருக்கிறது, விண்ணப்பத்தை நான் ஏற்றுக்கொள்வேன். அந்த ஆள் யார் என்று நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டால் உங்கள் மேலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். இதோடு முடிந்தது."

எவ்வளவு சுலபம்! வெள்ளைத்துரை சொல்ல வேண்டியது ஒரே ஒரு பெயர். அதையும் காலையிலேயே பன்னிரண்டு பேர் முன்னால் சொல்லியாகிவிட்டது. பெண்ணுக்கு இடம் கிடைக்கும், அச்சகத்துக்கு ஆர்டர் கிடைக்கும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், சங்கையா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். போகிற வருகிற பெண்கள் அவரைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

வெள்ளைத்துரை நல்லவர்தான். ஆனால் அந்தப் பெயர் அவர் நாக்கு நுனிவரை வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"வித்தவன் எவனும் இல்லம்மா," என்றார். "இது என் மக. வேஸ்ட் தாளு எங்க வீட்டுக்குத்தான் வரும். எரிச்சதா எழுதிக் குடுத்தது பொய். நான்தான் எழுதிக் குடுத்தேன்."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படியானால் இந்த விண்ணப்பம் செல்லாது."

"தெரியும்மா."

"அச்சு வேலை பற்றி நிர்வாகக் குழுதான் முடிவு செய்யும். நல்லபடியாக முடிவு செய்வார்கள் என்று நான் சொல்லமாட்டேன்." மேஜை டிராயரைத் திறந்து ஒரு புதுத் தாளை எடுத்தார். "விற்காத விண்ணப்பம் இரண்டு இருக்கிறது. ஒன்றுக்குப் பணம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக் காலை பத்து மணிக்குத் தேர்வுக் குழு உட்காருகிறது. பெண் நேரில் வரவேண்டும், தகப்பனார் கையெழுத்தோடு. ஏன் அந்தத் தாளை எடுத்தாள் என்று அவளே சொல்லட்டும். பத்து என்றால் பத்து. குழுவில் இருப்பவர்கள் காத்திருக்கிறவர்கள் இல்லை. ஒரு இடம்தான் மீதி, அதற்கு ஆறு பேர்."

வெளியே வந்த வெள்ளைத்துரை மரத்தடிக்குப் போய், "நீ இல்லைய்யா. எங்க வீட்டுலதான். சுந்தரி எடுத்திருக்கா" என்றார்.

"அப்படியா" என்றார் சங்கையா.

"உள்ள அந்தம்மாகிட்டயும் சொல்லிட்டேன். தப்பு என்னோடதுன்னு."

"அதை இங்கன சொல்லுறீக மொதலாளி. காலையில அம்புட்டுப் பேரு முன்னாலதானே கேட்டீக."

திரும்பி வருகிற பஸ் ஆமத்தூரில் நின்றதும் சங்கையா எழுந்தார். "நாளைக்கு நான் வரலை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எப்போதும் திரும்பிப் பார்த்துக் கையை அசைக்கிறவர், அன்றைக்குத் திரும்பவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஆறே கால். வெள்ளைத்துரை புது விண்ணப்பத்தைக் கூடத்தில் வைத்தார். அடுப்படியிலிருந்து வந்த பாலம்மாள் அதைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள், அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"சாப்பிட்டீகளா?" என்றாள். வேறு என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உன் கையெழுத்து நல்லா இருக்கு" என்றார் அவர். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பீக?"

அவர் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். ஞானசுந்தரி சுவரோரம் நின்று கேட்டாள். பதினாறு வயதுப் பெண். தாள் செல்லாது என்றபோது உதட்டைக் கடித்தாள். நாளைக்குப் பத்து மணிக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது என்றபோது அவள் கண் விரிந்தது. சங்கையாவைக் கேட்ட கேள்வியைச் சொன்னபோது அவள் முகம் செத்துப்போயிற்று.

"சங்கையா மாமாவையா? திருடுனாகன்னா சொன்னீக?"

"எனக்கு என்ன தெரியும்? நீ எடுத்தேன்னு கனவா கண்டேன்?"

"அது வேஸ்ட் தாளுப்பா. ரெண்டு பக்கமும் சுத்தமா விழுந்திருந்துச்சு. பாரம் வேணும்னு காலேஜுக்கு மணியார்டர் பண்ணினா போஸ்ட்மேன் உங்ககிட்ட சொல்லிருவாரு. நம்பரு மிஷின் போடுறதுதானே, அதுல என்ன இருக்குன்னு நெனச்சேன்."

அச்சகத்து வீட்டில் பிறந்த பெண்ணுக்கு எண் என்பது மை. காசு கொடுத்து விண்ணப்பம் வாங்கியவருக்கு அது உரிமை என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. வெள்ளைத்துரைக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை.

"சரி, விடு. எழுது. காலையில எட்டேகால் பஸ்ஸைப் பிடிச்சா ஒன்பதரைக்கு அங்கன இருக்கலாம்."

"சாத்தூர்க்காரங்க வெள்ளிக்கிழமை வாராகளே?" என்றாள் பாலம்மாள்.

"வரட்டும். பொண்ணு பி.யு.சி. படிக்கப் போறான்னு சொல்லுவோம். இருக்க இஷ்டம்னா இருந்து பேசட்டும்."

பாலம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பேசிய பேச்சிலேயே அவளுக்குப் பிடித்த பேச்சு அதுதான்.

ஞானசுந்தரி விண்ணப்பத்தை நிரப்பி முடித்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். மை காய்கிறவரை அவள் எழுந்திருக்கவில்லை.

"அப்பா, நாளைக்கு ஆமத்தூர்ல எறங்குவோம்."

"எதுக்கு?"

"மாமாவைப் பாக்க."

"திரும்பி வரும்போது பாப்போம் தாயி. ஆமத்தூர்ல எறங்கினா அடுத்த பஸ் பத்து மணிக்குத்தான். அந்தம்மா பத்துன்னா பத்துன்னுட்டாக."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லுறே? ஒரு சீட்டுதான் இருக்கு. ஆறு பேரு நிக்காக."

"சீட்டை வாங்கிக்கிட்டு வந்து மன்னிப்புக் கேட்டா அது மன்னிப்பாப்பா?" என்றாள் அவள். "நான் எடுத்த தாளு. மாமா முகத்தைப் பாக்காம அந்தம்மா முன்னால போயி நான் என்னத்தைச் சொல்ல?"

வெள்ளைத்துரை விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

மறுநாள் எட்டேகால் பஸ் ஆமத்தூரில் நின்றபோது முதலில் எழுந்தது அவர்தான்.

"விருதுநகருக்கு டிக்கெட் எடுத்துட்டு இங்கன எறங்குறீக?" என்று கண்டக்டர் கேட்டார்.

"வேலை இருக்கு. நீங்க விடுங்க."

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அது கண்ணுக்கு மறைகிறவரை ஞானசுந்தரி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வேகமாக நடந்தாள். அப்பா பின்னால் நடந்தார்.

சங்கையாவின் வீட்டு வாசலில் அவர் மனைவி கருப்பம்மாள் சாணம் தெளித்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள். வாங்க என்று சொல்லவில்லை.

"அத்தை, மாமா எங்க?" என்றாள் ஞானசுந்தரி.

"அவுகளா? ஏழு மணி பஸ்ஸுக்கே விருதுநகர் போயிட்டாகளே. காலேஜ் அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணுமாம்."

"என்ன வார்த்தை?" என்றார் வெள்ளைத்துரை.

"எங்கிட்ட எங்க சொன்னாக? ராத்திரி பூரா கண்ணு மூடலை. விடிஞ்சதும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாக."

மணி எட்டு ஐம்பத்தைந்து. அடுத்த பஸ் பத்து மணிக்கு. ஞானசுந்தரி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் ஒரு மாட்டுவண்டிகூட இல்லை.

(தொடரும்)